கோசிக் கரையில் பிள்ளைப்பேறு

பீகாரின் மதேபுரா மாவட்டத்துக்கு நான் நர்ஸாகப் போனது 2006இல். மிஷன் மருந்தகம் ஒன்றில் வேலை. நாலு கட்டில், ஒரு பிரசவ மேசை, மழைக்காலத்தில் ஓடாத ஒரு ஜெனரேட்டர். நான் நாகர்கோவில் பக்கத்துக்காரி. மலையைப் பார்க்காமல் ஒரு நாளும் விடிந்ததில்லை. அங்கே மலை இல்லை, பாறை இல்லை, கையில் எடுக்க ஒரு கூழாங்கல்கூட இல்லை. கோசி நதி இமயத்திலிருந்து அரைத்துக்கொண்டு வந்து கொட்டிய வண்டல் மண்தான் நாலா பக்கமும். அந்த மண்ணில் நெல்லும் மக்காச்சோளமும் சணலும் விளையும். ஆண்கள் மட்டும் ஊரில் தங்க மாட்டார்கள். அப்போது சகர்சாவிலிருந்து அமிர்தசரஸ் போன ஜன்சேவா எக்ஸ்பிரஸில் தொங்கிக்கொண்டு பஞ்சாபுக்குப் போய்விடுவார்கள். ஊரில் இருப்பது கிழவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள்.

பீகாரில் நூற்றுக்கு 88 பேருக்கு மேல் கிராமத்தில் வாழ்கிறார்கள் என்று 2011 மக்கள்தொகைக் கணக்கு சொல்கிறது. நான் போன சமயத்தில் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தில் நூற்றுக்கு 20 பிரசவம்தான் ஆஸ்பத்திரியில் நடந்தது. மிச்சம் 80 வீட்டில். மாட்டுக்கொட்டகையை ஒட்டிய இருட்டறையில், வைக்கோல் மேல்.

வீட்டுப் பிரசவத்துக்குச் செலவே இல்லை என்று பாட்னாவிலிருந்து வந்த ஒரு அதிகாரி என்னிடம் சொன்னதுண்டு. செலவு இருந்தது. பிரசவம் பார்க்க வருபவளை டகரின் என்பார்கள். பெரும்பாலும் சமார் சாதிக் கிழவி. தொப்புள்கொடி அறுப்பது தீட்டு வேலை என்பதால் வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். பையன் பிறந்தால் அவளுக்கு ஒரு சேலையும் சில கிலோ அரிசியும் கொஞ்சம் ரூபாயும் கிடைக்கும். வீட்டுப் பெண்கள் கூடி சோஹர் பாடுவார்கள். பெண் பிறந்தால் பாட்டு இல்லை, கூலியும் பாதிதான். ஆறாம் நாள் சட்டிச் சடங்கு வரை தாயும் சேயும் அந்த அறையை விட்டு வர முடியாது. மஞ்சள், சுக்கு, வெல்லம் போட்டு மருந்து கிளறிக் கொடுப்பார்கள். எங்கள் ஊர்ப் பேறுகாலக் காய மருந்தின் வாசனையேதான். அந்த வாசனைக்காகவே சில வீடுகளில் நான் கொஞ்சம் கூடுதல் நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

மத்திய அரசு 2005இல் ஜனனி சுரக்ஷா யோஜனாவைத் தொடங்கியது. அரசு ஆஸ்பத்திரிக்கு வந்து பிள்ளை பெறும் கிராமத்துப் பெண்ணுக்கு 1,400 ரூபாய். அழைத்து வரும் ஆஷா என்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளருக்கு 600. எங்கள் பக்கம் அது வேர் பிடிக்க ஓரிரு வருஷம் ஆனது. பிடித்ததும் கூட்டம் அலைமோதியது. அதுவரை நாய் படுத்துக் கிடந்த வட்டார ஆஸ்பத்திரியின் வராந்தாவில் பெண்கள் வரிசையாகப் படுத்தார்கள். கட்டில் ஆறு, பிரசவம் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. மேசையிலிருந்து இறங்கிய பெண், துணி மாற்ற இடமில்லாமல் சுவரோரம் உட்கார்ந்து, சில மணி நேரத்தில் டெம்போ ஏறி வீட்டுக்குப் போய்விடுவாள். 48 மணி நேரம் தங்க வேண்டும் என்பது விதி. விரிப்பில்லை, கழிப்பறையில் தண்ணீரில்லை, வீட்டில் எருமை கறக்க ஆளில்லை. யாரைத் தங்கச் சொல்வது? ரத்தப்போக்கில் சாகும் பெண்களில் அதிகம் பேர் சாவது முதல் ஒரு நாளுக்குள். அந்த ஒரு நாளை டெம்போவின் குலுக்கலில் கழித்தார்கள்.

பிரசவம் இலவசம் என்று சுவரில் எழுதியிருக்கும். நான் பெண்களிடம் வேறொரு கேள்வி கேட்கப் பழகினேன். "எவ்வளவு செலவாச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லை தீதி" என்பார்கள். "என்னத்தை வித்தீங்க?" என்று கேட்டால்தான் கதை வரும். வெள்ளாடு போயிருக்கும். கால் கொலுசு போயிருக்கும். ராத்திரி வலி வந்ததால் டெம்போக்காரன் பகல் கூலியைப் போல மூன்று மடங்கு கேட்டிருப்பான். கையுறையும் தையல் நூலும் வெளியே வாங்கி வரச் சொல்லியிருப்பார்கள். தொப்புள்கொடி வெட்டியவருக்கு, துடைத்துவிட்டவருக்கு, பிள்ளையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தவருக்கு என்று தனித்தனியாக 'சந்தோஷக் காசு'. பையனென்றால் கூடுதல். அந்தக் காசு வரும்வரை பிள்ளையைக் கையில் கொடுக்காமல் நின்ற இடங்களும் உண்டு. வாங்கியவர்கள் எல்லாரையும் கொடியவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தாயையும் சேயையும் கவனிக்க வைத்திருந்த மம்தா பெண்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிரசவத்துக்கு இவ்வளவு என்று ஒரு சொற்பத் தொகை, அதுவும் மாதக்கணக்கில் நிலுவை. ஏழையின் மடியிலிருந்து இன்னொரு ஏழை எடுத்துக்கொண்டாள். எடுக்க வைத்தது சம்பளம் கொடுக்காத அரசு.

இப்படி இருந்த ஊரில்தான் வெள்ளம் வந்தது.

2008 ஆகஸ்ட் 18. நேபாளத்தில் குசஹா என்ற இடத்தில் கோசியின் கிழக்குக் கரை உடைந்தது. 9.5 லட்சம் கன அடி தண்ணீரைத் தாங்கக் கட்டிய கரை. அன்று ஓடியது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பராமரிக்காமல் விட்ட கரை, அவ்வளவுதான். நதி தன் தடத்தை விட்டுக் கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்து, பழைய வழியொன்றைப் பிடித்து இறங்கியது. சுபௌல், மதேபுரா, அரரியா, சகர்சா, பூர்ணியா என்று ஐந்து மாவட்டங்கள். முப்பது லட்சம் பேருக்கு மேல் வீடு வாசல் இழந்தும் சிக்கியும் தவித்தார்கள். நதியின் மேற்குப் பக்கத்து ஊர்களில் வெள்ளம் வருஷாவருஷம் வரும். வீட்டுக்கு வீடு படகு உண்டு. எங்கள் பக்கம் ஐம்பது வருஷமாகத் தண்ணீர் வரவில்லை. கரை காக்கும் என்று நம்பியிருந்த ஊர். படகே கிடையாது.

முதலில் யாரும் நம்பவில்லை. "கோசி மையா எட்டிப் பார்த்துட்டுப் போயிடுவா" என்று கிழவிகள் வெற்றிலையும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டார்கள். பிறகு ராத்திரியில் சத்தம் கேட்டது. மருந்தகத்தின் தரைத்தளம் விடிவதற்குள் மூழ்கியது. குளிர்பெட்டி, பிரசவ மேசை, பதிவேடுகள் எல்லாம் போயின. கையில் தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் மாடிக்குப் போனோம். ஊர் முழுக்க அங்கேதான் இருந்தது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, வெளியூர்ப் படகு ஒன்றில் ஒரு பெண்ணைக் கொண்டு வந்தார்கள். நிறைமாதம், தலைப்பிரசவம். புருஷன் லூதியானாவில், செல்போன் கோபுரங்கள் செத்துவிட்டதால் போன் கிடையாது. தலைக்கு இவ்வளவு என்று படகுக்காரன் கேட்ட தொகை மாமியாரிடம் இல்லை. கழுத்தில் கிடந்த வெள்ளி ஹன்சுலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஏற்றியிருக்கிறாள். அது அவள் கல்யாணத்துக்குத் தாய் வீட்டில் போட்டது. "மருமக பெத்துப் பிழைச்சா வேற வாங்கிக்கலாம்" என்றாள். அந்தக் குடும்பம் வேறு வாங்கவில்லை. அதற்குப் பிறகும் நான் பல வருஷம் அங்கே இருந்ததால் தெரியும்.

எங்களோடு மாடியில் ஒரு டகரின் கிழவி இருந்தாள். மற்ற நாளில் யாதவர் வீட்டு வாசலுக்கு மேல் ஏறமாட்டாள். அன்று எல்லாச் சாதிக்கும் ஒரே பாய்தான். கரும்பலகை இருந்த அறையில் சேலைகளைக் கட்டி மறைத்தோம். அடுப்பு மூட்ட பெஞ்சுகளை உடைத்தார்கள். வெந்நீர் வைத்து, பிளேடையும் நூலையும் கொதிக்கவிட்டோம். நடுச்சாமத்தில் பெண் குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடி விழுந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை. கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி மருந்து குளிர்ச்சியில் இருக்க வேண்டியது. என் பையில் இருந்ததோ நாலு நாள் வெக்கையில் கிடந்தது. இருந்ததைப் போட்டேன். கிழவி பெண்ணின் வயிற்றில் கை வைத்துக் கருப்பையை அழுத்தித் தேய்க்கத் தொடங்கினாள். எந்தப் பயிற்சிக் கூடத்திலும் கற்றதில்லை. தன் மாமியாரிடம் கற்றது. நானும் அவளும் மாறி மாறித் தேய்த்தோம். விடியும்போது ரத்தம் நின்றது. காலையில் அந்தக் கிழவிக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தவர்கள், பாத்திரத்தைத் தொடவிடாமல் உயரத்திலிருந்து கையில் ஊற்றினார்கள். வெள்ளம் வடிகிற வரைகூடப் பொறுக்கவில்லை. இதை நான் இன்றைக்கும் கோபமில்லாமல் சொல்ல முடியவில்லை.

இன்னொருத்தி பிழைக்கவில்லை. கால்வாய்க் கரையில் பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே இருந்தாள். கை கால் வீங்கி, தலைவலி, கண் மங்கல் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். போய்ச் சேரும்போது ஜன்னி கண்டுவிட்டது. ரத்த அழுத்தம் ஏறி வரும் கர்ப்பகால ஜன்னி அது. மக்னீசியம் சல்ஃபேட் இருந்தால் அடக்கலாம். அந்த மருந்து விலை மலிவு, எங்கள் கையிருப்பு தண்ணீருக்குக் கீழே. ராணுவப் படகு மறுநாள் மதியம் வந்தது. அவள் விடியற்காலையில் போய்விட்டாள், வயிற்றில் பிள்ளையோடு. வெள்ளச் சாவுக்கான நிவாரணம் கேட்டு அவள் மாமனார் எழுதிப் போட்டார். அவள் தண்ணீரில் மூழ்கிச் சாகவில்லை என்று மனு திரும்பி வந்தது. அந்தத் தாளை அவர் மடித்து வேட்டி மடிப்பில் வைத்திருந்தார். எனக்குக் காட்டினார். இறந்தவள் எந்தக் கணக்கில் வருவாள் என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

தண்ணீர் வடிந்தது. வயல்களில் இடுப்பளவு மணல். அந்த வருஷம் பிள்ளை பெற்றவர்களுக்கு 1,400 ரூபாய்க் காசோலை வந்தது, பல மாதம் தாமதமாக. காசோலையை மாற்ற வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் தொடங்க அடையாளச் சான்று வேண்டும். சான்று வெள்ளத்தில் போயிருந்தது. இருந்தவர்களுக்கும் வாக்காளர் அட்டையில் ஒரு பெயர், காசோலையில் இன்னொரு பெயர். கணக்குத் தொடங்கித் தர ஒரு தரகர், அவருக்கு ஒரு பங்கு. கடைசியில் பெண்ணின் கைக்கு வந்தது கடன்காரனுக்கு இரண்டு மாத வட்டிகூட ஆகவில்லை.

அங்கே வட்டி நூற்றுக்கு மாதம் ஐந்து. நம் ஊர் அஞ்சு வட்டியேதான். பிரசவம் சிக்கலாகி மாவட்டத் தலைநகரில் ஒரு தனியார் நர்ஸிங்ஹோமில் வயிற்றைக் கிழித்து எடுக்கப் பன்னிரண்டாயிரம் கடன் வாங்கிய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் அறுநூறு வட்டி, வருஷத்துக்கு 7,200. முதல் அப்படியே நிற்கும். வயல் கூலியைப் பெண்களுக்குப் பெரும்பாலும் தானியமாகவே அளந்த ஊர் அது. ரொக்கத்துக்கு வழியே இல்லை. அதனால் புருஷன் செங்கல் சூளைக்கோ பஞ்சாப் நடவுக்கோ டேக்கேதார் என்ற ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் வாங்கிக் கடனை அடைத்துவிட்டு ரயிலேறுவான். மூத்த பையன் பன்னிரண்டு வயதானதும் கூடவே போவான். அண்ணனின் பள்ளிக்கூடம் தம்பியின் பிறப்புக்கு விலையாகப் போனதை நான் பல வீடுகளில் பார்த்தேன். எந்த ஆஸ்பத்திரி ரசீதிலும் அது வராது.

பிரசவம் ஏன் அவ்வளவு சிக்கலானது என்று கேட்டால் பாதிக் காரணம் ஊசி. ஊருக்கு ஊர் ஒரு போலி டாக்டர் உண்டு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் வருவார். வலி மந்தமாக இருக்கிறது என்றதும் அதே ஆக்ஸிடோசினைப் பிள்ளை வெளியே வரும் முன்பே இடுப்பில் குத்திவிடுவார். பால் கறக்க எருமைக்குப் போடுகிற மருந்து என்று அந்தப் பகுதியில் எல்லாருக்கும் அது தெரியும், கடையில் சுலபமாகக் கிடைக்கும். பிள்ளை குறுக்கே கிடந்தால், இடுப்பெலும்பு குறுகியிருந்தால், அந்த ஊசி கருப்பையைக் கிழித்துவிடும். பதினெட்டுக்கு முன் கல்யாணமான பிள்ளைகளுக்கு இடுப்பெலும்பு எங்கே வளர்ந்திருக்கும்? அப்படி வந்த ஒரு பெண்ணை வண்டியில் ஏற்றி அனுப்பினோம். உயிர் பிழைத்தாள், கருப்பை போயிற்று, பிள்ளையும் போயிற்று. ஒரு வருஷத்துக்குள் அந்த வீட்டில் இன்னொரு மருமகள் வந்தாள். முதலாமவள் அதே வீட்டில் மாட்டுக்குத் தழை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவளை அனுப்பியது தர்பங்கா மருத்துவக் கல்லூரிக்கு. வரைபடத்தில் பார்த்தால் மேற்கே பக்கத்தில்தான். நடுவில் கோசி. 1934 நிலநடுக்கத்தில் ரயில் பாலம் போனதிலிருந்து மைதிலி பேசும் அந்த மிதிலைப் பகுதி இரண்டு துண்டாகிக் கிடந்தது. ககரியா வழியாகத் தெற்கே இறங்கி, கங்கைக் கரைப் பக்கமாகச் சுற்றி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். ரத்தம் ஒழுகும் பெண்ணை வைத்துக்கொண்டு அந்தச் சுற்று சுற்றியவர்களுக்குத்தான் பாலம் என்றால் என்ன என்று தெரியும். சாலைப் பாலம் 2012இல் திறந்தது. ரயில் பாலம் 2020இல். மதேபுராவிலேயே மருத்துவக் கல்லூரி வந்ததும் 2020இல்தான்.

மாறவில்லை என்று சொன்னால் பொய். 2011இல் ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் வந்தது: மருந்து, ரத்தம், அறுவை, சாப்பாடு, வீட்டுக்குத் திரும்ப வண்டி, எல்லாம் இலவசம். 102 என்று போன் போட்டால் ஆம்புலன்ஸ் வரத் தொடங்கியது, சாலை இருந்த ஊர்களுக்கு. 2019-21 கணக்கெடுப்பில் பீகாரில் ஆஸ்பத்திரிப் பிரசவம் நூற்றுக்கு 76 ஆகிவிட்டது. 2004-06இல், ஜார்க்கண்டையும் சேர்த்த கணக்கில், ஒரு லட்சம் பிறப்புக்கு 312 தாய்மார் இறந்தார்கள். 2018-20இல் பீகாரில் 118. ஆஷாப் பெண்கள் ராத்திரி ராத்திரியாக வயல் வரப்பில் நடந்து சாதித்தது அது.

ஆனால் அதே 2019-21 கணக்கில் இன்னொரு வரி இருக்கிறது. பீகாரின் அரசு ஆஸ்பத்திரிகளில் நடந்த பிரசவங்களில் நூற்றுக்கு 4கூட சிசேரியன் இல்லை. தனியாரில் கிட்டத்தட்ட 40. இதே கணக்கில் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் 36. நம் ஊரில் தேவையில்லாமல் கிழிக்கிறார்கள் என்ற பேச்சு நியாயமானது. அதைத் தனியாகப் பேச வேண்டும். பீகாரில் தேவைப்படும்போது அரசு ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்க ஆளில்லை, ரத்தமில்லை. சுகப்பிரசவம் இலவசம்; சிக்கலென்றால் எதிர்ச் சாரியில் இருக்கும் நர்ஸிங்ஹோம். அந்தச் சாலையைக் கடக்கும் நேரத்தில்தான் ஒத்திக்குப் போகிறது நிலம். ஏழைக்குப் பெருஞ்செலவு வைப்பது சாதாரணப் பிரசவம் அல்ல, எது சாதாரணமாக முடியும் என்று முன்கூட்டித் தெரியாத அந்த நிலை. அதே கணக்கில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 63 பேருக்கு அங்கே ரத்தசோகை. யாருடைய பிரசவம் தடம் மாறும் என்று சொல்லவே முடியாது.

பிரசவத்துக்குப் பணம் கொடுப்பது நல்லதுதான். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 1987இல் 300 ரூபாயில் தொடங்கி 18,000 வரை ஏறியிருக்கிறது. பணம் பெருகும் முன்பே இங்கே ஊருக்கொரு கிராம நர்ஸ் இருந்தார், எட்டும் தூரத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தது, ஒரு தாய் செத்தால் ஏன் செத்தாள் என்று விசாரிக்கும் வழக்கம் இருந்தது. அங்கே பணம் முதலில் வந்தது. மற்றவை இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. இடைப்பட்ட வருஷங்களின் செலவைப் பெண்கள் தங்கள் உடம்பிலிருந்து கட்டினார்கள்.

நான் ஊர் திரும்பி இப்போது திருப்பூரில் இருக்கிறேன். சுபௌலும் மதேபுராவும் இங்கேயும் வந்துவிட்டன. ஒரே அறையும் பொதுக் குழாயும் உள்ள லைன் வீடுகளில் மைதிலி காதில் விழுகிறது. முன்பு புருஷன்மார் மட்டும் வந்தார்கள், இப்போது இளம் மனைவிகளையும் கூட்டி வருகிறார்கள். கர்ப்பமானால் யாரைக் கேட்பது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. மொழி தெரியாது, ரேஷன் கார்டு ஊரில் இருக்கிறது. எட்டாம் மாதம் வரை ஒரு பரிசோதனையும் இல்லாமல், கடைசியில் ரயிலில் இரண்டு நாள் பயணம் செய்து ஊருக்குப் போய்ப் பெறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊரில் என்ன காத்திருக்கிறது என்று மேலே எழுதிவிட்டேன்.

அரசு ஆஸ்பத்திரியில் இலவசப் பிரசவம் எந்த மாநிலத்துப் பெண்ணுக்கும் உரியது. உங்கள் தெருவில் அப்படி ஒருத்தி இருந்தால் பகுதி நர்ஸிடம் சொல்லுங்கள். முடிந்தால் முதல் தடவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள். ஒரு காலை வேளைதான் ஆகும்.